ஐந்து ரயில்கள், ஐந்து இலக்கணங்கள்

கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் நடைமேடையின் கடைசி முனையில் சிலர் நிற்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். ரயில் வரும். அவர்கள் ஏற மாட்டார்கள். பெட்டி எண்ணைக் குறித்துக்கொள்வார்கள், ரயில் புறப்படும்போது எழும் ஒலியைக் கைப்பேசியில் பதிவு செய்வார்கள், கூரைமேல் இருக்கும் மின்கருவியைப் படம் பிடிப்பார்கள். பிறகு அடுத்த ரயிலுக்காகக் காத்திருப்பார்கள். உலகின் எல்லா நாடுகளிலும் உள்ள ரயில் ஆர்வலர்கள் இப்படித்தான்.

ரயிலில் அப்படி என்ன பார்க்க இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, பிரிக்பீல்ட்ஸைவிட நல்ல பாடசாலை கிடைக்காது. கேஎல் சென்ட்ரலைச் சுற்றிப் பத்து நிமிட நடைக்குள் ஐந்து வகை ரயில்கள் ஓடுகின்றன. ஒன்று, கேடிஎம் தடத்தில் ஓடும் கொமுட்டரும் ஈப்போ செல்லும் இடிஎஸ் ரயிலும். இரண்டு, விமான நிலையத்துக்குப் போகும் இஆர்எல். மூன்று, கிளானா ஜெயா தட எல்ஆர்டி. நான்கு, ஜாலான் துன் சம்பந்தன் மேலே செல்லும் மோனோரயில். ஐந்து, முசியம் நெகாரா நிலையத்தில் பூமிக்கடியில் ஓடும் காஜாங் தட எம்ஆர்டி.

இவற்றில் ஒன்றுகூட இன்னொன்றின் தடத்தில் ஓட முடியாது. ஒரு தடம் பழுதானால் பக்கத்துத் தடத்து ரயிலைக் கடன் வாங்க முடியாது. ஒன்றிலிருந்து இறங்கி, நடந்து, மின்படி ஏறி, அடுத்ததைப் பிடிக்க வேண்டியதாயிருப்பதற்கும் இதுவே பெரிய காரணம். ஏன் இப்படி? இதற்கு விடை தேடினால், ஆர்வலர்கள் ரசிக்கும் ஒவ்வொரு நுணுக்கத்துக்கும் பின்னால் ஓர் இயற்பியல் காரணமும் ஒரு பழைய முடிவும் இருப்பது தெரியவரும்.

ஆயிரமா, 1435-ஆ?

முதலில் பார்க்க வேண்டியது இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தூரம். கேடிஎம் தடத்தில் அது சரியாக 1000 மில்லிமீட்டர், அதாவது ஒரு மீட்டர். இஆர்எல், எல்ஆர்டி, எம்ஆர்டி மூன்றிலும் 1435 மில்லிமீட்டர். இரண்டாவதைத் தர அகலம் என்பார்கள். இங்கிலாந்தின் சுரங்க வண்டிப் பாதைகளில் பிறந்து, ஜார்ஜ் ஸ்டீபன்சன் கட்டிய ரயில்களால் உலகெங்கும் பரவிய அளவு அது.

நம் மீட்டர் பாதை எப்படி வந்தது? மலாயாவின் முதல் ரயில் 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை ஓடியது. அடுத்த ஆண்டே, 1886 செப்டம்பரில், கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் பாதை திறக்கப்பட்டது. அதுவரை ஈயம் படகேறி ஆற்று வழியே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1890-இல் கிள்ளான் ஆற்றின் மேல் கன்னாட் பாலம் வந்ததும் ரயில் கிள்ளான் ஊருக்குள் நுழைந்தது. 1899-இல் பாதை துறைமுகத்தைத் தொட்டது. அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் பெற்ற அந்த இடம்தான் இன்றைய போர்ட் கிள்ளான்.

ஈயத்தை ஏற்ற வேண்டும், செலவு குறைய வேண்டும் என்பதே அன்றைய கணக்கு. குறுகிய பாதைக்கு மண்மேடு குறைவு, மலையை வெட்டும் வேலை குறைவு, பாலத்தின் எடையும் குறைவு. வளைவுகளிலும் அதற்கு ஒரு வசதி உண்டு. ரயில் ஒரு செங்கோண அளவுக்குத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவின் ஆரம் எதுவானாலும், மீட்டர் பாதையில் வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிடச் சுமார் 1.57 மீட்டர் நீளம். தர அகலத்தில் அந்த வேறுபாடு சுமார் 2.25 மீட்டர். இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டிருப்பதால், இந்த வேறுபாடு குறைந்தால் திரும்புவது எளிது.

இதற்கு விலை வேகம். பாதை குறுகும்போது, உயரமான பெட்டியைச் சாயாமல் தாங்கும் அடித்தளமும் குறுகுகிறது. கொமுட்டர் பெட்டி, தான் ஓடும் பாதையைப்போல் இரண்டரை மடங்குக்கும் அதிக அகலமானது. அப்படியிருந்தும் 2010-இல் தொடங்கிய இடிஎஸ் இதே மீட்டர் பாதையில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மீட்டர் பாதைக்கு இது மிக நல்ல வேகம். வளைவுகளை நேராக்கி, இரட்டைப் பாதை போட்டு, தரையை உறுதிப்படுத்தியதால் கிடைத்த பலன் இது. பக்கத்திலேயே தர அகலத்தில் ஓடும் இஆர்எல் மணிக்கு 160 கிலோமீட்டரை எட்டி, 57 கிலோமீட்டர் தூரத்தை 28 நிமிடத்தில் கடக்கிறது.

தமிழ்நாட்டில் உறவினர் உள்ளவர்களுக்கு மீட்டர் பாதை புதிதல்ல. சென்னைக் கடற்கரை - தாம்பரம் மின்ரயில் 1931 முதல் 2004 வரை மீட்டர் பாதையில்தான் ஓடியது. இந்தியா 1990-களில் தொடங்கிய ஒரே அகலத் திட்டத்தின் கீழ், மீட்டர் பாதைகளைக் கிட்டத்தட்ட முழுதாக 1676 மில்லிமீட்டர் அகலப் பாதையாக மாற்றிவிட்டது. மலேசியா மாற்றவில்லை. தாய்லாந்தும் மீட்டர் பாதை என்பதால், பிரிக்பீல்ட்ஸில் நீங்கள் பார்க்கும் கேடிஎம் தண்டவாளம் பாடாங் பெசார் எல்லையைத் தாண்டி பேங்காக் வரை தொடர்கிறது.

இந்தத் தொடர்ச்சிக்கு ஒரு கொடிய வரலாறும் உண்டு. மலாயா, சயாம், பர்மா மூன்று நாடுகளிலும் ஒரே அகலம் இருந்தது. 1942-43-இல் ஜப்பானிய ராணுவம் 415 கிலோமீட்டர் சயாம் - பர்மா பாதையைப் போட்டபோது, மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையிலிருந்து தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போக முடிந்ததும் அதனால்தான். ஜப்பானிலிருந்து வந்த எஞ்சின்களை மட்டும் 1067 மில்லிமீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கு மாற்ற வேண்டியிருந்தது. தண்டவாளத்தோடு ஆட்களையும் கொண்டுபோனார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். பல்லாயிரம் பேர் திரும்பி வரவில்லை.

மின்சாரம் எந்த வழியாக வருகிறது?

ஆர்வலர்கள் அடுத்துப் பார்ப்பது, ரயில் மின்சாரம் வாங்கும் இடம். கொமுட்டரும் இஆர்எல்லும் தலைக்குமேல் உள்ள கம்பியிலிருந்து 25,000 வோல்ட் மாறுமின்சாரம் எடுக்கின்றன. எம்ஆர்டி, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஓடும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் நேர்மின்சாரம் எடுக்கிறது.

ஒரே ஊரில் இவ்வளவு பெரிய வேறுபாடு எதற்கு? ஒரு சின்னக் கணக்கு போதும். மின்திறன் என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது. ஒரு ரயிலுக்கு 2,000 கிலோவாட் தேவை என்போம். 25,000 வோல்ட்டில் 80 ஆம்பியர் போதும். 750 வோல்ட்டில் அதே திறனுக்குச் சுமார் 2,670 ஆம்பியர் வேண்டும். கம்பியில் வெப்பமாக வீணாகும் மின்சாரம் ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். எனவே உயர் வோல்ட்டில் மெல்லிய கம்பி போதும். துணைமின்நிலையங்களைப் பல பத்து கிலோமீட்டர் இடைவெளியில் வைக்கலாம். 750 வோல்ட்டுக்குத் தண்டவாளம் போலத் தடித்த உலோகப் பட்டை வேண்டும். துணைமின்நிலையமும் சில கிலோமீட்டருக்கு ஒன்று வேண்டும்.

அப்படியானால் எல்லா ரயிலுக்கும் 25,000 வோல்ட் கொடுத்துவிடலாமே? அங்கேதான் சுரங்கம் குறுக்கிடுகிறது. உயர் மின்னழுத்தக் கம்பிக்கும் சுவருக்கும் இடையே நல்ல இடைவெளி விட வேண்டும். அதற்காகச் சுரங்கத்தை உயரமாகக் குடைய வேண்டும். நகரத்துக்கு அடியில் ஒவ்வொரு அங்குலமும் பணம். மேலும், 25,000 வோல்ட்டை மோட்டாருக்கு ஏற்றபடி குறைக்க ஒவ்வொரு ரயிலும் கனமான மின்மாற்றியைச் சுமந்துகொண்டு ஓட வேண்டும். நிலையத்துக்கு நிலையம் நின்று புறப்படும் நகர ரயிலுக்கு அந்தச் சுமை நல்லதல்ல. நீண்ட தூரத்துக்கு உயர் வோல்ட், நகரத்துக்குள் குறைந்த வோல்ட் என்ற பிரிவினை இப்படித்தான் வந்தது.

கொமுட்டர் கம்பியை நிமிர்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். அது தண்டவாளத்தின் நடுவே நேர்கோடாகப் போவதில்லை. ஒரு தூணில் சற்று இடப்பக்கம், அடுத்த தூணில் சற்று வலப்பக்கம் என்று வளைந்து வளைந்து போகும். ரயில் கூரைமேல் கம்பியைத் தொடும் கருவியில் கரிப் பட்டை உண்டு. கம்பி ஒரே இடத்தில் உரசினால் அந்தப் பட்டையில் பள்ளம் விழுந்துவிடும். வளைந்து சென்றால் தேய்மானம் எல்லா இடத்திலும் சமமாகும். சில வேளை ஓடும் ரயிலில் குளிர்சாதனம் சில நொடி அடங்கி மீண்டும் கிளம்புவதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு துணைமின்நிலையங்களின் எல்லைகளைப் பிரிக்க, கம்பியில் மின்சாரம் இல்லாத ஒரு சிறு பகுதி விடப்பட்டிருக்கும். ரயில் அதைக் கடக்கும் நேரம் அதுவாக இருக்கலாம்.

சக்கரத்தின் உருவம்

கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் உட்பக்கச் சக்கரம் மெதுவாகவும் சுழலப் பல்லிணை ஏற்பாடு ஒன்று உண்டு. ரயிலில் அப்படி எதுவும் இல்லை. இரண்டு சக்கரங்களும் ஓர் அச்சில் இறுக்கப்பட்டு ஒன்றாகவே சுழலும். பிறகு வளைவில் எப்படித் திரும்புகிறது? உட்புற விளிம்பு தண்டவாளத்தில் மோதித் திருப்புகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த விளிம்பு கடைசிப் பாதுகாப்பு மட்டுமே.

ரகசியம் சக்கரத்தின் மேற்பரப்பில் இருக்கிறது. அது உருளை போலத் தட்டையாக இல்லை. உட்பக்கம் சற்றுப் பெருத்து, வெளிப்பக்கம் சிறுத்து, லேசான கூம்பாக இருக்கும். வளைவில் அச்சு தானாகவே வெளிப்பக்கம் நகரும். அப்போது வெளிச் சக்கரம் தன் பெருத்த பகுதியாலும், உள் சக்கரம் தன் சிறுத்த பகுதியாலும் தண்டவாளத்தைத் தொடும். ஒரே சுற்றில் வெளிச் சக்கரம் அதிக தூரம் போகும். அச்சு தானே திரும்பிவிடும்.

பிள்ளைகளோடு வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம். இரண்டு காகிதக் கோப்பைகளை வாயோடு வாய் வைத்து ஒட்டுங்கள். இரண்டு நீளக் குச்சிகளைத் தண்டவாளம் போல இணையாக, லேசான சரிவில் வைத்து உருட்டுங்கள். சற்றுக் கோணலாக விட்டாலும் அது தன்னைத்தானே நேராக்கிக்கொண்டு ஓடும். இப்போது கோப்பைகளை அடியோடு அடி ஒட்டி உருட்டிப் பாருங்கள். கொஞ்ச தூரத்தில் விழுந்துவிடும்.

இந்தச் சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கொள்ளும் இடம் சுண்டுவிரல் நகத்தின் அளவுதான். பல டன் எடை அந்தச் சிறு பரப்பில் இறங்குகிறது. எஃகு எஃகின்மேல் உருளும்போது நசுங்குவது மிகக் குறைவு என்பதால், சாலையில் ஓடும் லாரியின் ரப்பர் சக்கரத்தைவிடப் பல மடங்கு குறைந்த தடையோடு அது உருளும். ரயில் குறைந்த ஆற்றலில் நிறையச் சுமப்பதன் அடிப்படை இது. ஆனால் வழுக்கும் என்பதும் அதே காரணத்தால்தான். மழையில் ஏற்றம் ஏறுவதும், சட்டென்று நிற்பதும் ரயிலுக்குக் கடினம்.

சக்கரம் இழுக்காத ரயில்

அந்த வழுக்கலுக்கு ஒரு வித்தியாசமான தீர்வைக் கிளானா ஜெயா தடத்தில் காணலாம். 1998 செப்டம்பரில், கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்த அதே மாதத்தில், இதன் முதல் பகுதி திறக்கப்பட்டது. நடைமேடையிலிருந்து தண்டவாளங்களுக்கு நடுவே பாருங்கள். பளபளப்பான ஒரு தட்டையான உலோகப் பட்டை நீளமாக ஓடும். வேறு எந்தத் தடத்திலும் அது இல்லை.

சாதாரண மின்மோட்டாரில், வெளியே உள்ள சுருள்கள் சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்கி உள்ளே உள்ள உருளையைச் சுற்றவைக்கும். அந்த மோட்டாரை வெட்டிப் பாய் போல விரித்துவிட்டால், சுழலும் காந்தப்புலம் நேராக ஓடும் காந்தப்புலமாகிவிடும். சுருள்கள் ரயிலின் அடியில். உருளைக்குப் பதில் தரையில் அந்த உலோகப் பட்டை. காந்தப்புலம் பட்டையில் மின்னோட்டத்தைத் தூண்டி அதைப் பின்னால் தள்ளும். பட்டை அசையாது, எனவே ரயில் முன்னால் நகரும். இதை நேரியல் தூண்டல் மோட்டார் என்பார்கள்.

இந்த ரயிலில் சக்கரங்களின் வேலை எடையைத் தாங்குவதும் வழிகாட்டுவதும்தான். இழுக்கும் வேலை அவற்றுக்கு இல்லாததால், மழை பெய்தாலும் செங்குத்தான ஏற்றத்தில் வழுக்காது. மோட்டார் தட்டையாக இருப்பதால் பெட்டியைத் தாழ்வாகக் கட்டலாம், சுரங்கத்தையும் சிறிதாகக் குடையலாம். குறை என்னவென்றால், மோட்டாருக்கும் பட்டைக்கும் நடுவே சுமார் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதால் காந்தப்புலத்தின் ஒரு பங்கு வீணாகிறது. சுழலும் மோட்டாரைவிட மின்செலவு கூடும். கனடாவில் உருவான இந்த நுட்பத்தை வான்கூவர் நகர ரயிலிலும் காணலாம்.

இதே தடத்தின் ஓரத்தில் மின்சாரத்துக்கு இரண்டு பட்டைகள் இருப்பதையும் கவனியுங்கள். ஒன்று மின்சாரத்தைக் கொண்டுவருகிறது, மற்றொன்று திருப்பி அனுப்புகிறது. எம்ஆர்டி போன்ற மற்ற ரயில்களில் திரும்பும் மின்சாரம் ஓடுகிற தண்டவாளம் வழியாகவே போகும். அதில் ஒரு பகுதி மண்ணுக்குள் கசிந்தால் அருகிலுள்ள குழாய்களும் கான்கிரீட்டுக்குள் உள்ள கம்பிகளும் அரிக்கப்படலாம். தனிப் பட்டை இருந்தால் அந்தத் தொல்லை குறைவு.

ரப்பரில் ஓடும் ரயில்

மோனோரயிலோ இந்தக் கணக்குகள் எதிலும் சேராது. அதற்குத் தண்டவாளமே இல்லை. ஒரு கான்கிரீட் உத்திரத்தைக் குதிரை போலக் கவ்வி உட்கார்ந்து, ரப்பர் சக்கரங்களில் ஓடுகிறது. மேலே எடை தாங்கும் சக்கரங்கள், இரு பக்கமும் உத்திரத்தை அணைத்துக்கொள்ளும் வழிகாட்டும் சக்கரங்கள். 2003 ஆகஸ்ட் 31-இல் திறக்கப்பட்ட இந்த 8.6 கிலோமீட்டர் தடம், 11 நிலையங்களோடு தித்திவங்சா வரை போகிறது.

ரப்பர் நன்றாகப் பிடிக்கும். அதனால் நெருக்கமான கடைத்தெருக்களின் மேல் கூர்மையாக வளையவும் ஏறி இறங்கவும் முடிகிறது. உத்திரம் ஒல்லியாக இருப்பதால் கீழே உள்ள சாலைக்கு வெளிச்சம் வருகிறது. பதிலுக்கு ரப்பரின் உருளல் தடை அதிகம், டயர்களும் தேயும். ஆர்வலர்கள் இங்கே தேடிப் பார்ப்பது தடம் மாறும் இடத்தை. எஃகுத் தண்டவாளத்தில் கூரிய ஒரு நாக்கு சில அங்குலம் நகர்ந்தால் ரயில் அடுத்த தடத்துக்குப் போய்விடும். மோனோரயிலில் உத்திரத்தின் ஒரு துண்டே நகர வேண்டும். மோனோரயில் தடங்களில் கிளைகள் அரிதாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

காதால் ரயிலை அறிவது

பழைய ரயிலின் ‘தடக் தடக்’ ஓசை எங்கே போயிற்று? அது தண்டவாளத் துண்டுகளின் இணைப்பில் இருந்த சிறு இடைவெளியைச் சக்கரம் தாண்டும் ஓசை. நம் ஊர் வெயிலில் தண்டவாளம் 50 டிகிரியைத் தாண்டலாம். விடியலுக்கும் நண்பகலுக்கும் 30 டிகிரி வேறுபாடு என்று கொண்டால், 12 மீட்டர் தண்டவாளம் சுமார் 4 மில்லிமீட்டர் நீளும். அதற்காகத்தான் இடைவெளி.

இப்போது தண்டவாளங்களைத் தொடர்ந்து பற்றவைத்து விடுகிறார்கள். அதே வேறுபாட்டில் ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் 36 சென்டிமீட்டர் நீளப் பார்க்கும். ஆனால் நீள விடுவதில்லை. கான்கிரீட் கட்டைகளும் அவற்றைக் கவ்வியிருக்கும் சரளைக் கற்களும் அதை அசையாமல் பிடித்துக்கொள்கின்றன. அந்த அழுத்தம் முழுவதும் எஃகுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. சரளை ஏன் கூழாங்கல் போல வழவழப்பாக இல்லாமல் கூராக உடைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கும் விடை இதுதான். கூரான கல் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். மழைவெள்ளம் சரளையை அரித்துவிட்டால் பிடிமானம் போய், வெயில் நேரத்தில் தண்டவாளம் பாம்பு போல நெளியக்கூடும். பாதைப் பராமரிப்புக்காகச் சேவை குறைக்கப்படும்போது நமக்கு எரிச்சல் வருகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத இந்தப் பிடிமானத்தைக் காப்பதும் அந்த வேலையில் ஒன்று.

மின்ரயில் புறப்படும்போது ஒரு பாட்டும் கேட்கும். மோட்டாரின் வேகத்தைக் கூட்ட, மின்சாரத்தை நொடிக்குப் பல நூறு முறை வெட்டி வெட்டி அதன் அதிர்வெண்ணை மாற்றும் மின்னணுக் கருவி ஒன்று இருக்கிறது. அந்த வெட்டல் மோட்டார் சுருளை அதிரவைத்து ஓசையாகிறது. ஜப்பானின் கெய்க்யூ நிறுவனத்தின் சில ரயில்களில் அது சங்கீத ஸ்வரங்கள் போலவே ஏறும்படி அமைத்திருந்தார்கள். ஆர்வலர்கள் கண்ணை மூடிக்கொண்டே இன்ன வகை ரயில் என்று சொல்வது இந்த ஓசையை வைத்துத்தான்.

ஓட்டுநர் இல்லாதபோது

கிளானா ஜெயா தடத்திலும் எம்ஆர்டியிலும் முன் கண்ணாடி அருகே நீங்களே நிற்கலாம். ஓட்டுநர் அறை இல்லை. பழைய முறையில் பாதை பல பகுதிகளாகப் பிரிக்கப்படும். ஒரு பகுதியில் ஒரு ரயில் இருந்தால் பின்னால் வரும் ரயிலுக்குச் சிவப்பு விளக்கு. ரயில் சிறியதோ பெரியதோ, பகுதி முழுவதும் அதற்கே சொந்தம். ஓட்டுநர் இல்லாத நவீனத் தடங்களில் ஒவ்வொரு ரயிலும் தான் எங்கே இருக்கிறது என்பதைக் கணினிக்குத் தொடர்ந்து சொல்லும். முன்னால் போகும் ரயிலின் பின்பக்கம்வரை எவ்வளவு தூரம், நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்று கணக்கிட்டு, ரயிலோடு சேர்ந்து நகரும் பாதுகாப்பு இடைவெளியைக் கணினி காக்கும். சில நிமிடத்துக்கு ஒரு ரயில் விட முடிவது இதனால்தான்.

ஆனால் இந்தக் காவல் கணினியின் பார்வையில் இருக்கும் ரயிலுக்கு மட்டுமே. 2021 மே 24 இரவு, கம்போங் பாருவுக்கும் கேஎல்சிசிக்கும் இடையே சுரங்கத்துக்குள், கையால் ஓட்டிவரப்பட்ட ஒரு காலி ரயில் தவறான திசையில் வந்து, பயணிகள் இருந்த ரயிலோடு மோதியது. 200-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 23 ஆண்டுகளாக அந்தத் தடம் அப்படி ஒரு மோதலைக் கண்டதில்லை. தானியங்கி முறையிலிருந்து மனிதக் கைக்கு மாறும் அந்தச் சில நிமிடங்களுக்கான விதிமுறை, கணினி எழுதும் நிரலைப் போலவே கவனமாக எழுதப்பட வேண்டும் என்பதை அந்த விபத்து உணர்த்தியது.

கட்டிய கைகள்

ஆர்வலர்கள் விரும்புவது இயந்திரத்தை மட்டுமல்ல, இடத்தையும்தான். ஆர்தர் பெனிசன் ஹப்பாக் வடிவமைத்து 1910-இல் எழுந்த பழைய கோலாலம்பூர் நிலையம், 2001-இல் கேஎல் சென்ட்ரல் திறக்கும்வரை தலைநகரின் முதன்மை வாசலாக இருந்தது. கொமுட்டர் இன்றும் அங்கே நிற்கிறது. கேஎல் சென்ட்ரல் எழுந்த நிலம், முன்பு பிரிக்பீல்ட்ஸில் சரக்குப் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் ரயில்வே முற்றம். அதற்கும் முன்னால், ஊரின் பெயரே சொல்வதுபோல், செங்கல் சூளைகளின் பூமி.

சயாமுக்கு முன்பும் பின்பும் இந்தப் பாதைகளில் உழைத்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மண் வெட்டினார்கள், கட்டை பதித்தார்கள், சரளை கொட்டினார்கள், பாதையைத் தினமும் நடந்து சோதித்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் இருந்தார்கள். செந்தூல் பணிமனையில் எஞ்சின்களும் பெட்டிகளும் பழுது பார்க்கப்பட்டன. பின்னாளில் அந்த வேலை பேராவின் பத்து காஜாவுக்கு மாறியது. பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் தமிழர் குடியிருப்புகள் தழைத்ததற்கு ரயில்வே வேலை முக்கியக் காரணம். தைப்பூசத்துக்குப் பத்துமலை வரை கொமுட்டரில் போகும்போது, நாம் பயணிப்பது அவர்கள் காலத்து அகலமுள்ள பாதையில்தான்.

உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டனோ ரயில்வேயில் வேலை செய்திருந்தால், பழைய அடையாள அட்டை, சீருடைப் பொத்தான், குடியிருப்பின் படம் போன்றவை மூலையில் கிடக்கலாம். எந்த ஆண்டு, எந்த நிலையம், என்ன வேலை என்று பின்னால் எழுதி வையுங்கள். கட்டடங்கள் இடிந்த பிறகு அந்த வரலாற்றைச் சொல்ல மிஞ்சுவது அவைதான்.

கிள்ளானில் மீண்டும் அதே கேள்வி

இப்போது கோத்தா பாருவிலிருந்து போர்ட் கிள்ளான் வரை, 665 கிலோமீட்டர் கிழக்குக் கரை ரயில் பாதை கட்டப்பட்டு வருகிறது. அதன் அகலம் 1435 மில்லிமீட்டர். வேகமும் சுமக்கும் திறனும் கருதி எடுத்த முடிவு அது. அந்தப் பாதையும் கேடிஎம் பாதையும் கிள்ளான் துறைமுகத்தை நெருங்கும்போது, ஒன்றின் பெட்டி மற்றொன்றில் ஏற முடியாது. ஒரு கொள்கலன் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால் பாரந்தூக்கியால்தான் தூக்கி மாற்ற வேண்டும். புதிய பாதைக்கு நல்ல வேகம் வேண்டுமா, பழைய பாதையோடும் அண்டை நாட்டோடும் தொடர்ச்சி வேண்டுமா என்ற கேள்விக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் விளைவு நீண்டது. 1880-களில் ஈயம் ஏற்றுவதற்காகத் தேர்ந்தெடுத்த ஓர் எண், இன்று ஈப்போ போகும் ரயிலின் உச்ச வேகத்தையும் பேங்காக் வரையிலான தொடர்பையும் தீர்மானித்துக்கொண்டிருக்கிறது. இப்போது எடுக்கும் முடிவுகளோடு நம் பேரப்பிள்ளைகள் பயணம் செய்வார்கள். ரயிலைக் கூர்ந்து பார்க்கப் பழகிய குடிமக்கள் இருந்தால், அந்த முடிவுகளைப் பற்றி நல்ல கேள்விகளும் எழும்.

அடுத்த முறை பிரிக்பீல்ட்ஸ் போகும்போது அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கொமுட்டர் தடத்தின் அகலத்தை எல்ஆர்டி தடத்தோடு ஒப்பிடுங்கள். கம்பி வளைந்து போவதைக் கவனியுங்கள். கிளானா ஜெயா தடத்தின் நடுவே உள்ள பட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பார்ப்பதெல்லாம் நடைமேடையின் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றுதான். தண்டவாளத்தில் இறங்குவது சட்டப்படி குற்றம். 25,000 வோல்ட் கம்பியைத் தொட வேண்டியதுகூட இல்லை. அருகில் ஏதாவது போனாலே மின்சாரம் காற்றில் பாய்ந்து வரும். படம் பிடிக்க நீளக் குச்சியை உயர்த்துவதும் கூடாது. நல்ல ஆர்வலர்கள் எல்லாருமே முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் இது.